சால்வையைத் திருப்பிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு வீதிகளில் முதுகில் துணி மூட்டையோடு வடக்கத்திச் சால்வை வியாபாரிகள் தென்படத் தொடங்குவார்கள். அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பளிச் சால்வையையும் அதன் பூவேலையையும் பற்றியே இருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: வாசலுக்கு வந்த வியாபாரி ஒருவர் “அசல் பஷ்மினா, முழுக்கக் கைவேலை” என்று சொல்லி, மோதிரத்துக்குள் நுழைத்தும் காட்டியதால், 2,500 ரூபாய் கொடுத்து ஒரு சால்வை வாங்கினேன். என் நாத்தனார் அதைப் பார்த்தவுடனே “இது மெஷின் வேலை” என்று சொல்லிவிட்டார். எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காகச் சால்வையை ஒதுக்கிவைக்க வேண்டாம். குளிருக்குப் போர்த்திக்கொள்ள அது போதும், பஷ்மினா என்ற பெயர்தான் அதற்கு ஒட்டாது.

பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல் மேயும் சாங்தாங்கி வெள்ளாடுகளுக்குக் குளிரைத் தாங்குவதற்காக மேல்முடியின் அடியில் வளரும் மென்மயிர். வசந்த காலத்தில் அது தானாக உதிரத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்கு வாரக் கிடைப்பது ஏறக்குறைய கால் கிலோ. அதிலும் முரட்டு மயிரைப் பிரித்து நீக்கினால் மிஞ்சுவது இன்னும் குறைவு. இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான் வரைதான். நம் தலைமயிரோ சுமார் 70 மைக்ரான். இந்த மயிரைக் காஷ்மீரத்துப் பெண்கள் ‘யேந்தர்’ என்னும் ராட்டையில் நூற்று, அது கைத்தறியில் துணியாகி, அதன் பிறகே ஊசிக்காரர் கைக்கு வருகிறது. ‘சோஸ்னி’ எனப்படும் நுண்ணிய ஊசிவேலை துணி முழுவதும் நிறைந்திருந்தால், ஒரே சால்வையோடு ஒருவர் ஓராண்டுக்கு மேல்கூட உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். இத்தனை கைகளுக்கும் கூலி கொடுத்து 2,500 ரூபாய்க்கு ஒருவர் உங்கள் வாசலில் வந்து விற்க முடியுமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மோதிரத்தை மறந்துவிடுங்கள். மெல்லிய விஸ்கோஸ் துப்பட்டாவும் மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டியாக நெய்த நல்ல பஷ்மினா அதில் சிக்கிக்கொள்ளவும் செய்யும். நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டியே இது எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இன்றும் இருக்கும் சீமை நம்முடையது. பருத்தியில் நம்மை ஏய்ப்பது கடினம். கம்பளி என்று வந்தால் மட்டும் ஏனோ வியாபாரியின் வாயைப் பார்க்கிறோமே தவிர, துணியைப் பார்ப்பதில்லை.

சன்னலோர வெளிச்சத்தில் சால்வையைத் திருப்பிப் போட்டு, ஒரே ஒரு பூவை மட்டும் உற்றுப் பாருங்கள். மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பல நிறம் இருந்தும் அடியில் வெள்ளையோ கறுப்போ ஆகிய ஒரே நூல் எல்லாப் பூக்களின் கீழும் ஓடினால், அது பாபின் நூல். தையல் இயந்திரம் தெரிந்த எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கைவேலையில் மேலே எந்த நிறமோ அடியிலும் அதே நிறம்தான் இருக்கும். ஓர் இதழில் ஐந்து தையல் விழுந்திருந்தால் பக்கத்து இதழில் ஆறு விழுந்திருக்கும். நூலின் முனை எங்கே முடிந்தது என்று தேடினால் ஒரு சிறு தடிப்பு விரலில் படும். அடுத்த பூவையும் பாருங்கள்: இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்துப்போனால் சந்தேகப்படலாம்.

நூல் கம்பளிதானா என்று அறிய, குஞ்சத்திலிருந்து இரண்டு இழையை உருவி, ஒரு தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரிந்து, முடி கருகிய வாடை வீசி, தொட்டால் பொடியாகும் சாம்பலாக முடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும்; விஸ்கோஸில் காகிதம் எரிந்த வாடை வரும். ஆனால் ஒன்று: செம்மறிக் கம்பளிக்கும் பஷ்மினாவுக்கும் உள்ள வேற்றுமையை நெருப்பு காட்டாது, ஏனென்றால் இரண்டும் முடிதான். அதற்கு நுண்ணோக்கியில் இழையை அளக்க வேண்டும். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற காஷ்மீர்ப் பஷ்மினாவை ஸ்ரீநகரில் அப்படிச் சோதித்து, கையால் நூற்றதா, கைத்தறியில் நெய்ததா, இழை 16 மைக்ரானுக்குள் இருக்கிறதா என்று பார்த்தே முத்திரைச் சீட்டு ஒட்டுகிறார்கள். பெரிய தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காஷ்மீரத்துக் கானிச் சால்வையில் ஊசி வேலையே கிடையாது என்கிறார்களே, அவ்வளவு பூவும் எங்கிருந்து வந்தது? – ஒரு வாசகர், பவானி

பதில்: தறியிலிருந்துதான். ஜமக்காளம் நெய்யும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. நம் தறியில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்த் திரும்புகிறது. கானியில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் சிறு மரக்குச்சி ஒன்று உண்டு, அதில் சுற்றிய நூல் தனக்குரிய இதழின் எல்லைக்குள் மட்டும் போய் வரும், எல்லையில் பக்கத்து நிறத்தோடு கோத்துக்கொள்ளும். அந்தக் குச்சியின் பெயர்தான் ‘கானி’. எந்தக் குச்சி, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளில் எத்தனையைத் தாண்ட வேண்டும் என்பதைத் ‘தாலீம்’ என்னும் குறியீட்டுத் தாளில் எழுதிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே நெய்கிறார்கள். அதில் படம் இருக்காது, கணக்கு மட்டுமே இருக்கும். இப்படி நெய்ய மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தோற்றத்தை வெறும் துணியில் ஊசியால் போட்டு விரைவாக விற்கும் வழக்கம் வந்தது; அதற்கு ‘அமிலிகார்’ என்று பெயர்.

கேள்வி: மூன்று மாதம் ஆரி வேலைப் பயிற்சிக்குப் போய், இப்போது மணப்பெண் பிளவுஸ்களுக்கு வேலை செய்து கொடுக்கிறேன். காஷ்மீர்ச் சால்வையிலும் ஆரி வேலை உண்டு என்று படித்தேன். நான் செய்வதும் அதுவும் ஒன்றுதானா? – ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: கருவி ஒன்று, வேலை வேறு. நுனியில் கொக்கி உள்ள ஊசியை மேலிருந்து இறக்கி, அடியில் இடக்கை பிடித்திருக்கும் நூலைக் கொளுவி மேலே வளையமாக இழுத்து, அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த வளையத்தை எடுக்கும் சங்கிலித் தையல்தான் இரண்டுக்கும் அடிப்படை. குஜராத்தின் கச்சுப் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகள் செருப்புக்குப் பயன்படுத்திய கொக்கி ஊசியே துணிக்கு வந்தது என்பது இந்தக் கலையின் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி.

நீங்கள் ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியில், பெரும்பாலும் ஜரி நூலும் மணியும் கல்லும் வைத்துச் செய்கிறீர்கள். ஜன்னல் வைத்த முதுகும் கைப்பட்டையும்தான் உங்கள் களம். காஷ்மீரில் கம்பளி நூலையோ பட்டு நூலையோ கொண்டு, கொடியும் இலையுமாகப் பரப்பை நிரப்புகிறார்கள். மணிக்கும் கல்லுக்கும் அங்கே இடமில்லை, நிறத்தின் ஏற்ற இறக்கமே அழகு. உங்கள் பிளவுஸைத் திருப்பினால் அடியில் நேர்க்கோடாகச் சிறு தையல்கள் வரிசையாகத் தெரியும் அல்லவா? அந்தச் சால்வையைத் திருப்பினாலும் அதேதான் தெரியும். சோஸ்னியைத் திருப்பினால் அப்படித் தெரியாது. அது கொக்கி இல்லாத சாதாரண ஊசியால், துணியை முழங்கால் மேல் போட்டுக்கொண்டு, துணியின் ஓரிரு இழையை மட்டும் கொத்தி எடுத்துச் செய்வது. ‘தோருகா’ என்னும் வகையில் மேற்புறம் எது, அடிப்புறம் எது என்றே சொல்ல முடியாதபடி இரு பக்கமும் ஒன்றுபோல் முடித்திருப்பார்கள்.

தொழில் முறையில் ஒரு யோசனை. இப்போது நம் பக்கம் தெருவுக்கு ஓர் ஆரி வகுப்பு வந்துவிட்டது. எல்லோரும் அதே மயிலையும் அதே தாமரையையும் போடுகிறார்கள், கூலி இறங்கிக்கொண்டே போகிறது. மணி வைக்காமல், வெறும் நூலில் நிறம் கலந்து நிரப்பும் கையைப் பழகிக்கொண்டால், பருத்திக் குர்த்திக்கும் துப்பட்டாவுக்கும் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும். முகூர்த்த மாதத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மேடையில் போர்த்தும் பொன்னாடைகள் வீட்டு பீரோவில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இவற்றை என்ன செய்வது? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், பல்லடம்

பதில்: குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகன் நமக்குப் பக்கத்துப் பழனி மலைக்காரன்தான், ஆகவே போர்த்தி மகிழ்வது நமக்குப் புதிதல்ல. சால்வையைச் சன்மானமாகத் தரும் வழக்கம் முகலாய அரசவையில் பெரிதாக இருந்தது. 1846-ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையில், காஷ்மீரத்தைப் பெற்றுக்கொண்ட குலாப் சிங் ஆண்டுதோறும் ஆங்கில அரசுக்கு ஒரு குதிரையும், பன்னிரண்டு சால்வை ஆடுகளும், மூன்று ஜோடி காஷ்மீர்ச் சால்வைகளும் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒரு நாட்டுக்குக் கப்பமாகக் கட்டும் மதிப்பு சால்வைக்கு அன்று இருந்தது.

உங்கள் பீரோவில் இருப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டரில் பளபளப்பு இழை ஓடியவை. வியர்வையை உறிஞ்சாது, குளிரையும் தடுக்காது; குழந்தைகளின் நாடக உடுப்புக்கும் கொலு மேடை விரிப்புக்கும் சரியாக இருக்கும். இனி உங்களை அழைப்பவர்களிடம் சென்னிமலைப் போர்வையோ ஈரோட்டுத் துண்டோ போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன்; துண்டைப் போர்த்திவிட்டு, அதன் மேல் பொன்னாடையையும் போர்த்தினார்கள்.

கேள்வி: பட்டியில் நூறு செம்மறி வைத்திருக்கிறேன். நம் ஆட்டு ரோமத்தில் இப்படிச் சால்வை நெய்ய முடியாதா? – ஒரு விவசாயி, தாராபுரம்

பதில்: உங்களிடம் இருப்பது மேச்சேரி இனமாக இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. அது முடி ஆடு; அதன் பெருமை தோலில் இருக்கிறது, கம்பளியில் இல்லை. குரும்பை என்று நாம் சொல்லும் கோயம்புத்தூர் இனத்துக்குக் கம்பளி உண்டு, ஆனால் இழை 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். அது உடம்பில் குத்தும்; காட்டில் பட்டி காவலுக்குப் படுப்பவர் போர்த்தும் கறுப்புக் கம்பளிக்கு உகந்தது, பூவேலைச் சால்வைக்கு உகந்ததல்ல.

ஆனால் மலை மேல் வேறு கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் நம் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய இனங்கள் கலந்து உருவானது நீலகிரி ஆடு. அதன் கம்பளி 27 மைக்ரான் அளவில் நிற்கிறது. தென்னிந்தியாவில் மென்கம்பளி தரும் இனம் அதுதான். உதகை அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்து வருகிறது. அந்த ஆட்டைச் சமவெளிக்கு இறக்கி வளர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அது குளிருக்கும் மழைக்கும் பழகிய உடம்பு, தாராபுரத்து வெயில் அதற்கு ஆகாது.

கேள்வி: திருமணமாகி டெல்லிக்குப் போகும் மகளுக்குக் குளிர்கால உடைகள் வாங்க வேண்டும். பிரன், புல்காரி, கச்சுச் சால்வை என்று கடையில் பல பெயர் சொல்கிறார்கள். எதை வாங்குவது? – ஒரு தாய், உடுமலைப்பேட்டை

பதில்: பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம். பிரன் என்பது காஷ்மீரத்தார் அணியும், முழங்காலுக்குக் கீழ் தொங்கும் தளர்ந்த அங்கி. குளிர்காலத்துக்குக் கம்பளியில் தைப்பார்கள். பெண்களின் பிரனில் கழுத்து, மார்பு, கைமுனை ஆகிய இடங்களில் ‘தில்லா’ எனப்படும் பொன், வெள்ளி நிற ஜரி வேலை இருக்கும். அது அவ்வளவு தளர்வாக இருப்பதற்குக் காரணம், உள்ளே கையை இழுத்துக்கொண்டு ‘காங்கிரி’ என்னும் கணப்புச் சட்டியை வயிற்றோடு பிடித்துக்கொள்வதற்காக. டெல்லியில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மிகவும் சுகமான உடை. பேருந்தில் ஏறி வேலைக்குப் போக அவ்வளவு வசதிப்படாது.

புல்காரி கம்பளியே அல்ல. பஞ்சாபின் கைத்தறிப் பருத்தித் துணியில், முறுக்கேறாத பட்டு நூலால், துணியின் அடிப்புறத்திலிருந்து இழை எண்ணித் தைப்பது அது. தைப்பவள் வேலை முடியும்வரை மேற்புறத்தைப் பார்ப்பதே அரிது. அழகுக்கு வாங்கலாம், குளிருக்கு வாங்க வேண்டாம். கச்சுச் சால்வையில் பூ தறியிலேயே போடப்படும், சிலவற்றில் கண்ணாடி வைத்துத் தைத்திருப்பார்கள். இமாசலப் பிரதேசத்தின் குலுச் சால்வையில் வரும் வண்ணக் கரையும் நெசவுதான். இரண்டும் தினசரி உழைப்புக்குத் தாங்கும்.

என்னைக் கேட்டால், பூவேலை அதிகமில்லாத, கரையில் மட்டும் சோஸ்னி ஓடிய, ‘ரஃபல்’ எனப்படும் மெல்லிய செம்மறிக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிக் கொடுங்கள். பஷ்மினாவைவிட விலை குறைவு, சேலைக்கும் சுடிதாருக்கும் ஒத்துப்போகும். டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஊட்டிக்கும் எடுத்துப் போகலாம்.

கேள்வி: ஊட்டியில் தோடர் பெண்களிடம் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த ஒரு போர்வை வாங்கினேன். அது கம்பளியா? எந்தப் பக்கம் மேற்புறம்? – ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: துணி பருத்தி, தைக்கும் நூல் கம்பளி, இப்போது பல இடங்களில் கம்பளிக்குப் பதில் அக்ரிலிக் நூலும் வருகிறது. தோடர்கள் நெசவு செய்வதில்லை. அந்த வெள்ளைத் துணி சமவெளி நெசவாளர்களிடமிருந்தே மலைக்குப் போகிறது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் சிவப்புப் பட்டைக்கும் கறுப்புப் பட்டைக்கும் நடுவே உள்ள இடத்தை, படம் வரையாமல், சட்டத்தில் கட்டாமல், இழை எண்ணியே பெண்கள் நிரப்புகிறார்கள். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவையானது: தைக்கும்போது நூல் சற்று மேலெழுந்து முரடாக நிற்கும் அடிப்புறத்தையே அவர்கள் மேற்புறமாக உடுத்துகிறார்கள். நீங்கள் இதுவரை வழவழப்பான பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தால், இனி மாற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷாதூஷ் சால்வை ஒன்று மலிவாக வருகிறது என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கூடாது. அது திபெத்திய மேட்டு நிலத்தின் சிரு மான்களைக் கொன்று எடுக்கும் மயிர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். பன்னாட்டு வணிகத் தடையும் 1979 முதல் இருக்கிறது.

கேள்வி: மாமியார் கொடுத்த சோஸ்னிச் சால்வையில் சிறு சிறு ஓட்டைகள் விழுந்துவிட்டன. பாச்சா உருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன். இனி எப்படிக் காப்பது? – ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் ஊரில் இது நடப்பதில் வியப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். அப்போது அடைத்த பீரோவுக்குள் இருக்கும் கம்பளியில் பூச்சி சுகமாக வளரும். பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சிந்திய உணவும் பட்ட இடத்தை அது முதலில் தேடிப் போகும் என்பதால், போர்த்திய சால்வையை அப்படியே மடித்து வைப்பதுதான் பெரிய தவறு. பாச்சா உருண்டை மூடிய பெட்டிக்குள் ஓரளவு காக்கும், ஆனால் முட்டையும் புழுவும் ஏற்கெனவே துணியில் இருந்தால் நாலு உருண்டைக்கு அவை அசைந்துகொடுக்காது. தில்லா வேலை உள்ள துணியில் உருண்டை நேரடியாகப் படவும் கூடாது, ஜரி மங்கிவிடும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் பழுப்பு நிறச் சால்வை ஒன்றை, பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். வாங்கி வந்தபோது அது பாலித்தீன் உறையில் பளிச்சென்று இருந்தது; நானும் அந்த உறையைப் பிரிக்காமலேயே பீரோவில் வைத்தேன். உறைக்குள் ஈரம் தங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து எடுத்தபோது, மடிப்பு விழுந்த கோடு நெடுக மிளகு அளவுக்கு ஏழு ஓட்டைகள், உதறியபோது மணல்போல் பொடி. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, பிரிக்காமல் வைத்தவள் நான்தான்.

உங்கள் சால்வையை முதலில் உதறி, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பும் தையலும் உள்ள இடங்களை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு நெகிழிப் பையில் இறுகக் கட்டி, வீட்டு ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். புழுவும் முட்டையும் சாகும். நிறம் கசியவில்லை என்று ஒரு மூலையை நனைத்துப் பார்த்து உறுதிசெய்த பிறகே, குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டை ஊறிய நுரையில் அமிழ்த்தி எடுக்கலாம். கசக்கவோ பிழியவோ கூடாது. வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கி அட்டையாகிவிடும். சால்வையை ஒரு துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, தொங்கவிடாமல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். தில்லா வேலை இருந்தால் தண்ணீரே வேண்டாம்.

உலர்ந்தபின் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்; உலர்ந்த வேப்பிலையோ வசம்போ ஒரு முடிச்சாகக் கட்டி உடன் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, முன்பு மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். ஆடிக் காற்று தொடங்கும் முன் ஒருமுறை கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விழுந்த ஓட்டைகளுக்கு ரஃபூ போடுபவரைத் தேடுங்கள். என் சால்வைக்குக் கோவையில் ஒருவர் கிடைத்தார். அவர் வேறு நூல் எதையும் தொடவில்லை. சால்வையின் ஓரத்திலிருந்தே இழை உருவி, பாவுக்குப் பாவு, ஊடைக்கு ஊடை என்று கோத்து ஏழு ஓட்டைகளையும் நான்கு நாளில் அடைத்துக் கொடுத்தார். மேற்புறத்தில் எங்கே அடைத்தார் என்று இன்றும் எனக்குக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பிப் போட்டு விரலை ஓட்டினால் மட்டும் ஏழு இடத்தில் லேசாகத் தடுக்கும்.